பயனாளியா, பங்காளியா? – குமரப்பாவின் அளவுகோலும் ஊரக வளர்ச்சித் திட்டங்களும்

வைகையின் வடகரையில், தல்லாகுளம் பகுதியில், இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் 1959-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. அதற்கு அண்மையிலேயே மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. முன்னதில் கிராமம் ஒரு கனவாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பின்னதில் அதே கிராமம் மனுவோடு வந்து நிற்கிறது. திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் வட்டங்களிலிருந்து வருவோர் கேட்பவை யாவை? வீட்டுமனைப் பட்டா, முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை, குடிநீர் ஆகியவையே. விடுதலை பெற்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இவை மனுக்களாகவே இருப்பது ஏன் என்பதை இறையியல் பயில்வோரும் ஆயர் பணி செய்வோரும் சிந்தித்தல் வேண்டும்.

ஊரக வறுமை ஒழிப்பின் பெயரால் நிறைவேற்றப்பட்ட திட்டங்கள் பல; அவற்றைப் பற்றிய ஆய்வுகளும் பல. எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது, எத்தனை குடும்பங்கள் பயனடைந்தன, எத்தனை விழுக்காட்டினர் வறுமைக்கோட்டைத் தாண்டினர் என்பனவே அவ்வாய்வுகள் பெரும்பாலும் எழுப்பும் வினாக்கள். இவை தேவையான வினாக்களே. எனினும் இவற்றுக்கு முந்திய வினா ஒன்று உண்டு. திட்டம் முடிவுற்றபின் ஏழை யாராக இருக்கிறார்? முன்போல் பெறுபவராகவே இருக்கிறாரா? அன்றி, ஊரின் பொதுச் செல்வத்தில் பங்கும், அதைப்பற்றி முடிவெடுக்கும் அவையில் இடமும் உடையவராகிறாரா?

அலுவலக வழக்கில் 'பயனாளி' என்றொரு சொல் நிலைபெற்றுவிட்டது. பயனாளி கொடுப்பதைப் பெற்றுக்கொள்பவர். கொடுக்காவிடில் மனுச் செய்யலாம். ஊர் வழக்கிலோ 'பங்காளி' என்றொரு பழஞ்சொல் உண்டு. பங்காளி, பாட்டன் சொத்தில் தன் பாகத்தைக் கேட்கும் உரிமையுடையவர். தேவையானால் வழக்காடவும் கூடியவர். பயனாளிக்கு நன்றி கூறும் கடமை உண்டு. பங்காளிக்கு அது இல்லை. நம் ஊரக வளர்ச்சித் திட்டங்கள் ஏழைகளைப் பயனாளிகளாக்கினவேயன்றிப் பங்காளிகளாக்கவில்லை என்பதும், திருச்சபையின் திட்டங்களும் அவ்வழியே நடந்தன என்பதும் நம் கருத்து. இதனை விளக்க, நம் மாவட்டத்தோடு தொடர்புடைய கிறிஸ்தவப் பொருளியலறிஞர் ஒருவரின் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். அதன் நிறையோடு குறையையும் காண்போம்.

1. குமரப்பாவின் அளவுகோல்

ஜே. சி. குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, பம்பாயில் தொழில் நடத்தி, பின்னர் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் குஜராத்தின் மாத்தர் வட்டத்துக் கிராமங்களில் பொருளாதார ஆய்வு நடத்தினார். 1934-இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை வார்தாவில் கட்டியெழுப்பியவர் அவரே. தம் இறுதி ஆண்டுகளில் மதுரைக்குத் தென்மேற்கே உள்ள தே. கல்லுப்பட்டியில், 1940-இல் நிறுவப்பட்ட காந்தி நிகேதனில் தங்கினார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில் காலமானார்.

சிறையில் அவர் எழுதிய இரு நூல்கள் 1945-இல் வெளிவந்தன. ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். இவ்விரண்டையும் இணைத்துப் படித்தாலன்றி குமரப்பாவை விளங்கிக்கொள்ளுதல் அரிது. நம் இறையியற் கல்லூரிகளில் முதல் நூலும், பொருளியல் துறைகளில் இரண்டாம் நூலும் போதிய அளவு படிக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

இரண்டாம் நூலில் பொருளாதார வாழ்வை ஐந்து படிகளாக அவர் வகுக்கிறார். உயிரைக் கொன்று வாழும் புலி முதற்படி. தான் எதையும் நடாமல் தோப்பில் கனி பறிக்கும் குரங்கு இரண்டாவது. தன் உழைப்பால் தன் கூட்டைக் கட்டும் பறவை மூன்றாவது. தனக்காக மட்டுமின்றித் தன் கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. இது விலங்குகளைப் பற்றிய பாடமன்று. உரிமைக்கும் கடமைக்கும் இடையேயுள்ள உறவு படிப்படியாக மாறுவதைக் காட்டும் அளவுகோல் இது. முதலிரு படிகளில் உரிமை உண்டு, கடமை இல்லை. மூன்றாவதில் இரண்டும் ஈடாகின்றன. மேற்படிகளில் கடமை முந்துகிறது.

இவ்வளவுகோலின் சிறப்பு யாது? ஒரு திட்டம் எவ்வளவு கொடுத்தது என்று இது கேட்பதில்லை. மனிதர் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு உயர்ந்தார் என்று கேட்கிறது. உற்பத்தி பெருகினும் உறவு மாறாவிடில் வளர்ச்சி இல்லை என்று தீர்ப்பளிக்கிறது. இனி நம் திட்டங்களுள் இரண்டை இதன்முன் நிறுத்துவோம்.

2. பசுவும் கடனும்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கிராம சேவக் என்னும் பணியாளர் ஊர் ஊராகச் சென்றார். கிணறு, சாலை, உரம், உயர்ரக விதை ஆகியன வந்தன. நிலம் உடையோர் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டனர். நிலமற்றோருக்குப் பயன்படுத்த எதுவும் இருக்கவில்லை. 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு இத்திட்டத்தை ஆய்ந்து, மக்களின் பங்கேற்பு கைகூடவில்லை என்று கண்டு, ஊராட்சி அமைப்புகளிடம் அதிகாரத்தை ஒப்படைக்கப் பரிந்துரைத்தது.

பிறகு, ஏழையை நேராகச் சென்றடைய வேண்டும் என்னும் எண்ணத்தில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1978-79-இல் உருவாகி, 1980 அக்டோபர் முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்தது. வறுமைக்கோட்டின் கீழுள்ள குடும்பத்துக்கு வங்கிக் கடனும் அரசு மானியமும் சேர்த்து ஒரு சொத்து வாங்கித் தரப்பட்டது. சிறு விவசாயிக்குக் கால் பங்கும், குறு விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் மூன்றில் ஒரு பங்கும் மானியமாயின. மிகுதியாக வழங்கப்பட்ட சொத்துகளுள் ஒன்று கறவை மாடு.

பசு நல்ல சொத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் பசுவுக்குப் புல் வேண்டும். மதுரைச் சமவெளியின் மானாவாரி ஊரில் நிலமற்ற கூலிக்காரர் புல்லுக்கு எங்கே போவார்? பிறர் வரப்பில் அறுக்க வேண்டும். அதற்கு நிலக்காரரின் தயவு வேண்டும். மந்தைப் புறம்போக்கு இருப்பின் அது பெரும்பாலும் முன்னரே ஆக்கிரமிக்கப்பட்டிருக்கும். பால் வற்றிய மாதங்களிலும் கடன் தவணை வற்றுவதில்லை. ஆகவே மாடு விற்கப்பட்டது, கடன் நின்றது, ஏழை 'தவணை தவறியவர்' என்னும் புதுப் பெயரைப் பெற்றார். பொருளியலறிஞர் நீலகண்ட ரத் 1985-இல் இத்திட்டத்தை ஆய்ந்து, ஏழாண்டு முடிவில் ஏழைக் குடும்பங்களுள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே இதனால் வறுமைக்கோட்டைக் கடந்திருக்க இயலும் என மதிப்பிட்டார். 1999 ஏப்ரலில் இத்திட்டம் வேறொன்றில் இணைக்கப்பட்டது.

இதன் தோல்விக்கு ஏழையின் அறியாமையையும் அலுவலரின் ஊழலையும் காரணம் காட்டுவது எளிது. குமரப்பாவின் அளவுகோலோ வேறொன்றைக் காட்டுகிறது. தன் உழைப்பால் கூடு கட்டும் பறவைக்கு முதலில் ஒரு மரம் வேண்டும். மரம் யாருடையது என்ற வினாவை எழுப்பாமலே இத்திட்டம் கூட்டுக்கு மானியம் வழங்கியது. ஊரின் நிலமும் நீரும் மேய்ச்சலும் யாரிடம் உள்ளன என்பதைத் தொடாமல், ஏழைக் குடும்பத்தைத் தனியே பிரித்தெடுத்து உயர்த்திவிடலாம் என்பதே இதன் அடிப்படைப் பிழை.

3. கண்மாயும் கூலியும்

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இவ்வகையில் ஒரு திருப்பம் எனலாம். 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி 2008 ஏப்ரலில் ஊரகப் பகுதி முழுமைக்கும் விரிந்த இச்சட்டம், ஆண்டுக்கு 100 நாள் வேலை கேட்கும் உரிமையை ஊரகக் குடும்பத்துக்கு வழங்கியது. 15 நாளுக்குள் வேலை தராவிடில் வேலையில்லாப் படி தரவேண்டும் என்றது. தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு வந்தோருள் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். பண்ணையாரின் வாசலில் நின்று கூலி கேட்டவர்கள் தங்கள் பெயரெழுதிய அட்டையுடன் கண்மாய்க் கரைக்குச் சென்றனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது பல ஊர்களில் கேள்விப்படாத செய்தி. மனு உரிமையாக மாறிய அரிய தருணம் அது.

ஆயினும் இங்கும் நம் வினாவை எழுப்பியே ஆகவேண்டும். நூறு நாள் வேலையில் மதுரைச் சமவெளியில் பெருமளவு நடந்தது கண்மாய் தூர்வாருதலும் வரத்துக் கால்வாய் வெட்டுதலும் ஆகும். தூர்வாரிய கண்மாயில் நிற்கும் நீர் யாருக்குப் பாய்ந்தது? ஆயக்கட்டில் நிலமுடையோருக்கு. மீன்பாசி ஏலமும் கரைமர ஏலமும் யார் கைக்குச் சென்றன? ஏலம் கேட்கும் பணமும் துணிவும் உடையோருக்கு. தலைமுறை தலைமுறையாக நீர்பாய்ச்சியாக மடை திறந்து மடை அடைத்த குடும்பங்களுக்கும், வெயிலில் மண் சுமந்த பெண்களுக்கும் அந்த நீரில் ஒரு முழமேனும் பங்கு எழுதப்படவில்லை. கூலி கிடைத்தது, பங்கு கிடைக்கவில்லை.

பங்கு கொடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கூறுவோர் உண்டு. அன்னார் மராட்டிய மாநிலத்தின் புரந்தர் வட்டத்தை நோக்குதல் நலம். 1970-களில் அவ்வறட்சிப் பகுதியில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய 'பானி பஞ்சாயத்து' இயக்கம், நீரை நிலத்தின் அளவுப்படி பகிராமல் குடும்பத்திலுள்ள தலைகளின் எண்ணிக்கைப்படி பகிர்ந்தது. ஆளுக்கு அரை ஏக்கருக்கான நீர், குடும்பத்துக்கு மிகுதியாக இரண்டரை ஏக்கர் என்பது விதி. நிலமற்றோருக்கும் நீரில் பங்கு உண்டு. நீரை விழுங்கும் கரும்புக்கு இடமில்லை. இதுவே குமரப்பாவின் தேனீப் படி: கூடி உழைத்ததைக் கூடிப் பகிர்தல்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நாள்களின் எண்ணிக்கை 100-இலிருந்து 125 ஆக உயர்த்தப்பட்டிருப்பதை வரவேற்கலாம். ஆனால் தொழிலாளரின் கோரிக்கைக்கேற்ப நிதி என்ற முறை மாறி, நடுவண் அரசு முன்கூட்டி வகுக்கும் ஒதுக்கீட்டுக்குள் வேலை என்ற முறை வருகிறது. பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும். வேளாண் பணி மிகுந்த காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடமுண்டு. இவ்விறுதி விதியை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். நடவிலும் அறுப்பிலும்தான் கூலித் தொழிலாளர் பேரம் பேச வல்லவராகிறார். அந்நாள்களில் மாற்று வேலையை மூடுவது யாருடைய வசதிக்காக? கேட்கும் உரிமை சுருங்கி, கொடுப்பவரின் ஒதுக்கீடு முதலிடம் பெறுமாயின், நாள்கள் கூடினும் ஏழை மீண்டும் பயனாளியாவார் என்றே அஞ்சுகிறோம்.

4. அளவுகோலின் குறை

இதுகாறும் குமரப்பாவின் அளவுகோலைக் கொண்டு திட்டங்களை அளந்தோம். இனி அளவுகோலையே அளப்பது நேர்மை. குமரப்பா காட்டும் கிராமம் தன் தேவையைத் தானே நிறைவு செய்யும் சமுதாயம். அங்கே கைத்தொழில் தழைக்கும்; பண்டம் வெளியேறாது; மனிதர் ஒருவரையொருவர் அறிவர். ஆனால் அந்தக் கிராமத்தில் ஊர் ஓரிடத்திலும் சேரி ஓரிடத்திலும் இருப்பதை அவருடைய பொருளியல் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. தேன்கூட்டில் தீட்டு இல்லை. நம் ஊரில் உண்டு. 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அரசியலமைப்பின் அடிப்படை அலகாக ஏற்க மறுத்ததன் காரணம் இதுவே. ஊரின் தன்னிறைவு என்பது ஊரை உடையோரின் தன்னிறைவாக முடியும் என்பதை அவர் தம் வாழ்வால் அறிந்திருந்தார்.

குமரப்பாவுக்கு நாம் அநீதி இழைத்தலாகாது. அவர் தலைமையில் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழு 1949-இல் அளித்த அறிக்கை, உழுபவருக்கே நிலம் என்பதையும் நில உச்சவரம்பையும் உறுதியாக வற்புறுத்தியது. அவ்வறிக்கை செயலுக்கு வந்திருப்பின் பசுத் திட்டத்துக்கே தேவை எழுந்திராது. அவருடைய காந்திய மரபிலிருந்தே, மதுரையில் கல்வி பயின்ற கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமைக்குப்பின் கீழத்தஞ்சைக்குச் சென்று, 1981-இல் 'லாப்டி' இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள் பெயரில் நிலம் எழுதச் செய்தார். அளவுகோலின் குறை அம்மரபுக்குள்ளிருந்தே திருத்தப்பட்டதற்கு இது சான்று.

நிலத்தோடு அவையும் வேண்டும். 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 1996-இல் நடந்த ஊராட்சித் தேர்தலில் மேலூர் அருகேயுள்ள மேலவளவு ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், எரிக்கப்பட்ட வீடுகளுக்கான இழப்பீடு குறித்து மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் முறையிட்டுத் திரும்பும் வழியில், 1997 ஜூன் 30-ஆம் நாள், பேருந்து மறிக்கப்பட்டு மற்றும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். இதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடைபெற இயலவில்லை; 2006 அக்டோபரில்தான் அது நிறைவேறியது. பசு வழங்கியதற்காக எவரும் கொல்லப்பட்டதில்லை. தலைவர் நாற்காலியில் அமர்ந்ததற்காகக் கொல்லப்பட்டார்கள். பயனாளியை ஊர் பொறுத்துக்கொள்ளும், பங்காளியைப் பொறுத்துக்கொள்ளாது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை.

'பங்காளி' என்னும் சொல் ஒரே குலத்தாரைக் குறிப்பது என்பதையும் மறக்கலாகாது. சேரியைச் சேர்ந்தவரைப் பங்காளி என்பது ஊர் வழக்குக்கு முரணானது. அம்முரணே அச்சொல்லை நாம் தேர்ந்தெடுக்கக் காரணம்.

5. திருச்சபைக்கு உரியது

இவ்வினா திருச்சபைக்குப் புதிதன்று. 1890-களில் செங்கல்பட்டுப் பகுதியில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி ஆகிய அருட்பணியாளர்கள் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வேண்டும் என்று அரசிடம் வாதாடினர். ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்நிலங்களுள் பெரும்பகுதி பின்னர் பிறர் கைக்குப் போயிற்று என்பதும், அதனை மீட்க 1994-இல் காரணையில் போராடியோருள் இருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர் என்பதும் அறியத்தக்கன. சேலத்தில் பிறந்த கே. டி. பால் ஒய்.எம்.சி.ஏ. வழியாக ஊர்ப்புறக் கூட்டுறவுக் கடன் இயக்கத்தையும் கிராமப் புனரமைப்பையும் முன்னெடுத்தார். மார்த்தாண்டத்தின் தேனீ வளர்ப்பு அம்முயற்சியின் நிலைத்த கனியாகும்.

எனினும் பிற்காலத்தில் நம் வளர்ச்சிப் பணி பெரும்பாலும் அறிக்கை எழுதி நிதி பெற்று, தையல் இயந்திரமும் ஆடும் வழங்கிப் படம் எடுத்து அனுப்பும் பணியாகக் குறுகியது. நிதி நின்றபோது பணியும் நின்றது. சபைக்குச் சொந்தமான நிலங்களின் குத்தகை யாருக்கு என்று தீர்மானிக்கும் குழுவில் அந்நிலத்தில் உழைப்போர் இருக்கிறார்களா? தன் வீட்டில் பயனாளியையே வைத்திருக்கும் சபை, அரசை நோக்கிப் பங்காளியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா?

நெகேமியா ஐந்தாம் அதிகாரம் இங்கு நமக்கு வழிகாட்டும். பஞ்சத்தில் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமைகளாக்கிய மக்கள் நெகேமியாவிடம் முறையிட்டனர். அவர் தானியம் வழங்கி அனுப்பிவிடவில்லை. பெரியோரையும் அதிகாரிகளையும் சபை முன் நிறுத்தி, வயல்களைத் திருப்பித் தரவும் வட்டியைக் கைவிடவும் செய்தார். தாமும் தம் ஆட்களும் கடன் கொடுத்தோரே என்பதை அவர் மறைக்கவுமில்லை. முறையீட்டுக்கு விடையாக நிவாரணமன்று, மீட்பளிப்பே தரப்பட்டது.

ஆகவே, எந்த ஊரகத் திட்டத்தையும், அது அரசினுடையதாயினும் சபையினுடையதாயினும், ஏற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புமாறு நம் ஆயர்களையும் மாணவரையும் வேண்டுகிறோம். இத்திட்டத்தால் உருவாகும் நிலம், நீர், மரம் முதலியவற்றில் நிலமற்றோருக்கு எழுத்து வடிவில் பங்கு உண்டா? இதனைத் தீர்மானித்த கூட்டத்தில் அவர்கள் அமர்ந்து பேசினார்களா? நிதி நின்றபின் அவர்கள் எதை உரிமையாகக் கேட்க இயலும்? மூன்றுக்கும் விடை இல்லையென்றால், அதனை அறச்செயல் என்று அழைக்கலாம். வளர்ச்சி என்று அழைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூட்டப்படுகிறது. கிராமப் பணிக்கு அனுப்பப்படும் இறையியல் மாணவர் திட்ட அறிக்கை எழுதக் கற்குமுன், ஓராண்டு இவ்வாறு கூட்டங்களிலும் பின்வரிசையில் அமர்ந்து, யார் பேசுகிறார், யார் பேசவில்லை, வரவு செலவு வாசிக்கப்படும்போது சேரிப் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துவரட்டும். அக்குறிப்பிலிருந்து எழும் திட்டம் சிறியதாக இருக்கலாம். அது கேட்கப்பட்டதாக இருக்கும்.